சுபேதார் சுப்பிரமணியனார்

எம் ஊராகிய திருத்தணிகையில் சுப்பிரமணியன் என்னும் பெயரை நாடோறும் கேட்கின்றோம். மலைப்படி ஏறுவோர் வாயில் மட்டுமன்று; கடைவீதிப் பலகையிலும், எம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலும் அஃதுண்டு. அப்பெயர் பூண்டு, காஞ்சிபுரத்தை அடுத்த கீழொட்டிவாக்கத்திற் பிறந்து, இத்தாலி நாட்டில் மாண்ட ஒரு வீரரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். அரக்கோணம் வழியே சென்றால் எமக்குச் சேய்த்தன்று அவர் ஊர்.

அவர் சேர்ந்தது மதராஸ் சாப்பர்ஸ் என்னும் படை. 1780-ஆம் ஆண்டு தோன்றிய அப்படைக்குப் பாலங் கட்டுதல், பாதை சமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் முதலியன தொழிலாம். அப்படையினரைத் தம்பி என்றழைப்பது பட்டாளத்து வழக்கு. துப்பாக்கி ஏந்தியோர்க்கும் முன்னே மண்ணைத் தடவிச் செல்வோர் இத்தம்பிமாரே.

1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ரோமாபுரியை நோக்கிச் சென்ற நேசப்படைகள் கஸீனோ மலையருகே தடையுண்டு நின்றன. அதற்குத் தெற்கேயுள்ள மிஞ்ஞானோ என்னுமிடத்தில் ஜெர்மானியர் நிலமெங்கும் கண்ணிவெடிகளைப் புதைத்துச் சென்றிருந்தனர். பிப்ரவரி 24-ஆம் நாள் அவற்றை அகற்றப் புகுந்த குழுவிற்குச் சுபேதார் சுப்பிரமணியனார் தலைவர். அவர்தம் ஆட்களுள் ஒருவன் காலடியில் ஒரு கண்ணி தூண்டப்பட்டது. அவ்வகைக் கண்ணி மிதித்த கணமே வெடிப்பதன்று. இடையே சில நொடிகள் உண்டு. அந்நொடிகள் எத்தனை என்பதை அறிந்தவர் அவர். அறியாதவன் திகைத்து நின்றிருப்பான். அறிந்தவன் விலகி ஓடியிருக்கலாம். அவரோ அதன்மேற் பாய்ந்து தம் உடலால் மூடினார். அவர் மாண்டார், உடன் வந்தோர் பிழைத்தனர்.

அவ்வாண்டே அவருக்கு ஜார்ஜ் சிலுவை அளிக்கப்பெற்றது. 1940-இல் ஏற்படுத்தப்பட்ட இப்பதக்கம் விக்டோரியா சிலுவைக்கு நிகரானது. பகைவர் எதிர்நில்லாத இடத்துக் காட்டிய தீரத்திற்கு உரியது. கண்ணியைப் புதைத்தவன் பகைவன் அல்லனோ என்று யாம் வினவியதுண்டு. விதி விதியே. விக்டோரியா சிலுவையும் 1911-ஆம் ஆண்டிற்கு முன் இந்தியச் சிப்பாய்க்குக் கிட்டாததே.

ஆப்பிரிக்கர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தென்னாப்பிரிக்கராகிய ஜோப் மசேக்கோ என்பார் 1942-இல் தொப்ரூக் துறைமுகத்திற் சிறைப்பட்டு வேலை செய்கையில், பால் டப்பாவில் வெடிமருந்து அடைத்துப் பகைவர் கப்பலொன்றை மூழ்குவித்தார். அவர் பெற்றது இராணுவப் பதக்கம் என்னும் சிறிய விருதே. மேனி நிறத்தால் பெரியது மறுக்கப்பட்டது என்பார் பலர். அவர் சேர்ந்த படையிற் கறுப்பர்க்குத் துப்பாக்கியும் மறுக்கப்பட்டது. ஈட்டி ஏந்திக் காவல் நின்றனர்.

அன்னிய அரசனுக்காக மாண்டவரை நாம் புகழ்வதேன் என்று எம் தோழர் ஒருவர் கேட்டார். அக்கேள்வியை யாம் எளிதில் தள்ளவில்லை. ஆயினும், அச்சில நொடிகளில் அவர் கண்முன் நின்றது அரசனும் அல்லன், கொடியும் அன்று; தம் பின்னே வந்த ஆட்களே என்று எண்ணுகின்றோம்.

அரசன் பெயர் தாங்கிய அவ்வெள்ளிச் சிலுவையைப் பெற்றுக்கொண்டவர் அவர்தம் மனைவியார்.