நினைவில் நின்ற ஊர்

தில்லி லக்ஷ்மிபாய் நகர் போன்ற அரசுக் குடியிருப்புகளில் பல மாநிலத்தவர் அருகருகே வாழ்கின்றனர். அவர்தம் மொழியும் உணவும் வழக்கங்களும் வேறு வேறு. இவ்வாறு மனிதர் கூடி வாழும் முறைகளை ஆராயும் கல்வியே சமூகவியல் ஆகும். அக்கல்வியை இந்தியாவில் வளர்த்த அறிஞர்களுள் முதன்மையானவர் எம். என். சீனிவாஸ்.

பிறப்பும் இளமையும்

சீனிவாஸ் 1916ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் மைசூரில் பிறந்தார். தமிழ் நிலத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் மைசூர்ப் பகுதியில் குடியேறிய ஐயங்கார் மரபைச் சேர்ந்தவர் அவர். அவருடைய வீட்டின் பின்புறம் குருபர் என்னும் இடையர் குடியினர் வாழ்ந்த பண்டிகேரி இருந்தது. சிறுவனாக அங்குச் சென்ற சீனிவாஸ் வியப்பில் ஆழ்ந்தார். சில அடிகள் நடந்ததும் வேறோர் உலகம் அவர் கண்முன் விரிந்தது. அந்த வியப்பு அவர் நெஞ்சில் இறுதிவரை நிலைத்தது.

கல்லூரிக் கல்வி

மைசூர் மகாராஜா கல்லூரியில் சமூகத் தத்துவம் பயின்று, 1936இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி. எஸ். குர்யேயிடம் சமூகவியல் கற்றார். குடகு மக்களைப் பற்றி ஆராய்ந்தார். 1945இல் இங்கிலாந்து சென்று, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்து மற்றுமொரு முனைவர் பட்டம் பெற்றார்.

களத்தில் கற்றல்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். சாதியைப் பற்றிப் பழைய நூல்கள் கூறுவது ஒன்று. ஊரில் மக்கள் வாழும் வாழ்வு மற்றொன்று. இவ்வேறுபாட்டை அறிய, 1948இல் மைசூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றார். ஊரார் நலன் கருதி அதன் உண்மைப் பெயரை மறைத்து, இராம்புரா என்று எழுதினார். ஊர்த்தலைவருக்கு உரிய, மாடுகள் கட்டப்படும் வீட்டில் தங்கினார். உழவு, திருமணம், வழக்கு, விழா ஆகிய அனைத்தையும் உடனிருந்து கண்டு குறிப்பெடுத்தார்.

நிலமும் ஆள்பலமும் மிகுந்த சாதியே ஊரில் செல்வாக்குப் பெறுவதை அவர் விளக்கினார். இன்று செய்தித்தாள்களில் நாம் காணும் வாக்கு வங்கி என்னும் சொல்லாட்சியும் அவர் எழுத்திலிருந்து பரவியதே.

தில்லியில்

1959இல் பொருளியல் அறிஞர் வி. கே. ஆர். வி. ராவ் அழைக்க, சீனிவாஸ் தில்லி வந்தார். தில்லிப் பொருளியல் பள்ளியில் சமூகவியல் துறையைத் தொடங்கி வளர்த்தார். களத்திற்குச் சென்று மக்களோடு தங்கி ஆராயுமாறு மாணவர்களைப் பழக்கினார்.

தீயும் நினைவும்

1970இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு நகரில் தங்கி, இராம்புராவைப் பற்றிய நூலை எழுத முனைந்தார். ஏப்ரல் 24ஆம் நாள் அங்குத் தீயவர் சிலர் வைத்த நெருப்பு அவர் அறையையும் அழித்தது. பல ஆண்டுகளாகச் செப்பமிட்டு எழுதிய குறிப்புகளின் மூன்று படிகளும் தீக்கு இரையாயின. அவர் மனம் கலங்கினார். எனினும் முயற்சியைக் கைவிடவில்லை. நண்பர் ஒருவரின் அறிவுரையை ஏற்று, நினைவில் நின்றவற்றைக் கொண்டே எழுதத் தொடங்கினார். அவ்வூர் மனிதர்களின் முகங்களும் பேச்சும் பூசல்களும் நினைவில் எழுந்தன. 1976இல் அந்நூல் வெளிவந்து உலகப்புகழ் பெற்றது. தாம் கண்டது உயர்சாதியினரின் பார்வையில் அமைந்த ஊரே என்னும் குறையையும் அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

1977இல் பத்மபூஷண் விருது பெற்ற சீனிவாஸ், 1999 நவம்பர் 30ஆம் நாள் பெங்களூருவில் காலமானார். தாளில் எழுதியது எரிந்தது. மக்களோடு பழகிக் கற்றது எரியவில்லை.

சொற்பொருள்

செப்பமிடுதல் – திருத்தி ஒழுங்குபடுத்துதல்
படி – பிரதி
பூசல் – சண்டை

விடை தருக

1. சிறுவன் சீனிவாஸ் பண்டிகேரியில் ஏன் வியப்படைந்தார்?
2. ஊரின் உண்மைப் பெயரை அவர் மறைத்தது ஏன்?
3. குறிப்புகள் எரிந்த பின்னும் நூல் எழுத முடிந்தது எவ்வாறு?

செயல்பாடு

வேறு மாநிலத்தைச் சேர்ந்த அண்டை வீட்டாரிடம் அவர்தம் விழா ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதுக.