எண் காத்த ஏந்தல்

சேத்துப்பட்டு, ஆரணி முதலிய ஊர்களிற் பட்டுத் தறிகளைக் கண்ட மாணவர்கள் ஒன்றை நன்கு அறிவர். பாவிலுள்ள ஆயிரக்கணக்கான இழைகளுள் ஒவ்வொன்றும் தனக்குரிய விழுதின் கண் வழியே நுழைந்து செல்லும். ஓர் இழை தன் கண்ணை விட்டு வேறொன்றின் கண்ணிற் புகுமாயின், நெய்த ஆடையில் வடு விழும். எனினும் அவ்விழைகளைக் கோத்தவர் யாவர் எனப் புடைவையை வாங்கி உடுத்துவோர் வினவுவதில்லை. உலகெங்கும் பரந்த இணையம் என்னும் கணிப்பொறி வலையில் அத்தகைய இழை கோக்கும் பணியை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆற்றியவர் ஜான் போஸ்டல் என்பவர்.

போஸ்டல் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் 1943ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1966இல் இளநிலைப் பட்டமும், 1968இல் முதுநிலைப் பட்டமும், 1974இல் கணிப்பொறியியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

அவர் அங்கு மாணவராயிருந்த காலத்திலேதான் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியால் ஆர்ப்பாநெட் என்னும் கணிப்பொறி வலை தோன்றியது. 1969ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள் அப்பல்கலைக்கழகக் கணிப்பொறியிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கணிப்பொறிக்கு முதற்செய்தி சென்றது. வலையை அமைத்த இளைஞர் குழுவினுள் போஸ்டலும் ஒருவர். ஏனையோர் புதுப்புது வழிகளைக் காண்பதில் முனைந்திருக்க, எந்தப் பொறிக்கு எந்த எண், எந்தப் பணிக்கு எந்த எண் என்பதை ஏட்டிற் குறித்து வைக்கும் வேலையைப் போஸ்டல் தாமே ஏற்றுக்கொண்டார். பிறர் விரும்பாத வேலை அது. ஒருமுறை கொடுத்த எண்ணை மற்றொருவர்க்குக் கொடுத்துவிட்டால் செய்தி திசை தடுமாறும். ஒரே புல எண்ணை இருவர் நிலத்திற்கு எழுதிவிட்ட ஊர்க் கணக்கரின் ஏடு எத்துணை வழக்குகளை விளைக்கும் என்பதை நம் நாட்டார்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

1977ஆம் ஆண்டு அவர் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்திற் சேர்ந்தார். இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். எண் ஒதுக்கும் பணிக்குப் பிற்காலத்தில் இணைய எண் ஒதுக்கீட்டு ஆணையம் என்னும் பெரும்பெயர் வழங்கலாயிற்று. பெயர் பெரிதே ஒழிய, ஆணையம் என்பது போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் முதலிய உடன்பணியாளர் சிலருமே ஆவர். நீண்ட தாடியும் காலிற் செருப்பும் எளிய உடையுமாகத் தோன்றும் அவரைக் கண்டோர், மலைநடைக்குப் புறப்பட்ட துறவி என்றே எண்ணியிருப்பர். மலைகளில் நடப்பதில் அவர்க்குப் பெருவிருப்பமும் உண்டு.

இணையத்தின் விதிகளை வகுத்துரைக்கும் ஏடுகளுக்குப் பதிப்பாசிரியராகவும் அவர் விளங்கினார். 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த இணைய நெறிமுறை ஏடு அவர் பதிப்பித்ததே. அதன்படி ஒவ்வொரு கணிப்பொறிக்கும் முப்பத்திரண்டு இருமக் குறிகளால் ஆகிய முகவரி எண் ஒன்று அமையும். அவ்வாறு அமையத்தக்க எண்கள் 429 கோடிக்குச் சற்று மிகுதி. அந்நாளில் அது வற்றாத கடலாகவே தோன்றியது. ஆயினும் போஸ்டல் ஒவ்வொரு தொகுதியையும் கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்று பதிந்தே கொடுத்தார்.

அவ்வாறு கேட்டவர்களுள் அமெச்சூர் வானொலியரும் இருந்தனர். இவர்கள் ஊதியமோ வாணிகமோ கருதாது, அரசின் உரிமம் பெற்று, தம் இல்லங்களிலே சிறு வானொலி நிலையம் அமைத்து உலகத்தாரோடு உரையாடுவோர். ஒவ்வொருவர்க்கும் தனித்தனி அழைப்புக் குறி உண்டு; இந்தியர்க்குரிய குறிகள் வி.யூ. என்னும் எழுத்துகளால் தொடங்கும். வானொலி ஆர்வலர் தொண்டு நம் மாநிலத்திற்குப் புதியதன்று. அரசு வானொலி தோன்றுமுன்னரே, 1924ஆம் ஆண்டில், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கித் தொலைபேசிகள் வாயடைத்துப்போனபோது, போர்ட் பிளேயரில் இருந்த அமெச்சூர் வானொலியர் வாயிலாகவே பல குடும்பங்களுக்குச் செய்தி கிடைத்தது.

1978ஆம் ஆண்டு கனடா நாட்டு மான்ட்ரியல் நகர அமெச்சூர்கள் கணிப்பொறிச் செய்தியைச் சிறு சிறு பொதிகளாக்கி வானலையில் அனுப்பும் முறையைத் தொடங்கினர். கலிபோர்னியாவில் ஹாங்க் மக்னஸ்கி என்னும் அமெச்சூர் அம்முறையை மேற்கொண்டார். கம்பியில் ஓடும் வலைக்கு முகவரி எண் இருப்பதுபோல, வானலை வலைக்கும் இருத்தல் வேண்டும் என்று அவர் கருதிப் போஸ்டலிடம் கேட்டார். 1981ஆம் ஆண்டு போஸ்டல் தம் ஏட்டில் 44 என்னும் எண்ணில் தொடங்கும் தொகுதி முழுவதையும் அமெச்சூர் வானொலி ஆய்வு வலைக்கென எழுதினார். அதில் அடங்கிய முகவரிகள் 1,67,77,216. படைத்துறைக்கும் பெருநிறுவனங்களுக்கும் கொடுத்த அதே அளவு! கட்டணம் ஏதும் இல்லை. கையில் அதிகாரமோ பொருளோ இல்லாத ஒரு கூட்டத்தார்க்கு, வலியாரோடு ஒப்ப வைத்து அளந்த அந்தக் கையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

அத்தொகுதியை அமெச்சூர்கள் நாடுவாரியாகவும் வட்டாரவாரியாகவும் பகுத்துக்கொண்டனர். வட்டாரந்தோறும் ஊதியமின்றிப் பொறுப்பேற்ற ஒருங்கிணைப்பாளர், அழைப்புக் குறியைச் சரிபார்த்து, உரியவர்க்கு எண் வழங்கினார். ஆனால் எண் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? வானலையில் இயங்கும் கணிப்பொறிக்கு இணையத்திலிருந்து வரும் செய்தி எவ்வழியே செல்லும்? இதற்காகவே வாயில்கள் அமைந்தன. வாயில் என்பது ஒரு பக்கம் இணையத்தோடும், மறுபக்கம் வானொலியோடும் தொடர்புடைய கணிப்பொறி. 44 எனத் தொடங்கும் முகவரிக்கு வரும் செய்திகள் நெடுங்காலம் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பொறி ஒன்றை முதலில் அடைந்தன. அப்பொறி, எந்த எண்ணுக்கு எந்த வாயில் என்னும் பட்டியலைப் பார்த்து, வந்த பொதியை மற்றோர் உறைக்குள் இட்டு, அந்த வாயிலுக்கு அனுப்பும். அங்கு உறை பிரிக்கப்பட்டு, உள்ளிருந்த பொதி வானலை ஏறும். அஞ்சற் பையினுள் கடிதங்களை இட்டு ஊர் அஞ்சலகத்திற்கு அனுப்புவது போன்றதே இது. பட்டியலில் ஓர் எண் பிழைபட்டாலும் கடிதம் போய்ச் சேராது.

நாடுகளுக்கு இணையப் பெயர் அளிக்க வேண்டிய நிலையும் போஸ்டலுக்கு நேர்ந்தது. எது நாடு, எது நாடன்று என்று தீர்மானிப்பது மன்னர்களையும் மயக்கும் வழக்கு. அவர் அதனுள் தலையிடவில்லை. உலகத் தர நிர்ணய நிறுவனம் முன்னரே வகுத்திருந்த ஈரெழுத்துப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். அவ்வகையில் 1989ஆம் ஆண்டு ஐ.என். என்னும் ஈரெழுத்து இந்தியாவுக்கு வழங்கப்பட்டது. ஒரு பெயரைப் பொறுப்பேற்போர் அதன் உடைமையாளர் அல்லர், மக்களுக்காக அதனைப் பேணும் அறங்காவலரே என்பது 1994இல் அவர் வெளியிட்ட ஏட்டின் கருத்து.

இணையத்தில் வாணிகம் பெருகியபோது இக்கருத்துக்குச் சோதனை வந்தது. 1995 முதல் பெயர்ப்பதிவுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. அப்பணியை அரசின் ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் ஒன்று நடத்திற்று. மூலப்பெயர்ப் பட்டியல் எவர் கையில் இருத்தல் வேண்டும் என்னும் பூசல் மூண்டது. 1998ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள், அப்பட்டியலைப் படியெடுத்துக் காக்கும் பன்னிரு நிலையங்களுள் எட்டினுக்குப் போஸ்டல் எழுதி, இனித் தம் நிலையத்திலிருந்தே படியெடுக்குமாறு கேட்டார். அவரிடம் ஆணையிடும் அதிகாரம் இல்லை. எனினும் எட்டு நிலையத்தாரும் உடன்பட்டனர். அரசினர் திடுக்கிட்டனர். அவர்கள் வற்புறுத்தவே, அதனை ஒரு சோதனை என்று கூறிப் போஸ்டல் சில நாள்களில் பழைய நிலைக்கே மாற்றினார். முன்னறிவிப்பின்றி இதனைச் செய்தது பிழையே என்பாரும் உளர். அவர் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் முப்பது ஆண்டு நேர்மை ஈட்டிய நம்பிக்கை எத்துணை ஆழமானது என்பது அன்று வெளிப்பட்டது.

ஏடு ஒருவர் கையில் இருத்தல் தகாது என்று போஸ்டலும் உணர்ந்திருந்தார். பலநாட்டார் பங்குகொள்ளும் பொது நிறுவனம் ஒன்றை உருவாக்க அவர் உழைத்தார். 1998 செப்டம்பரில் அது பதிவு பெற்றது. அது முறையாகச் செயற்படுவதைக் காண அவர்க்குக் கொடுத்துவைக்கவில்லை. நெடுநாளாக இருந்த இதயநோய்க்காக அறுவை மருத்துவம் செய்துகொண்டபின், அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் அகவையில் போஸ்டல் இயற்கை எய்தினார்.

வற்றாத கடல் எனத் தோன்றிய முகவரிகளின் பொதுக் களஞ்சியம் 2011ஆம் ஆண்டு வற்றியது. ஒரு காலத்தில் கேட்டவுடன் கிடைத்த எண்கள் விலைப்பொருளாயின. அமெச்சூர்களின் 44ஆம் தொகுதியைக் காக்க அவ்வாண்டே அமைந்த அறநிறுவனம், 2019இல் அதன் காற்பகுதியை அமேசான் நிறுவனத்திற்குப் பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட விலைக்கு விற்றது. அனைவரையும் கேளாது விற்றனர் என்று அமெச்சூர்கள் பலர் வருந்தினர். கிடைத்த பொருளிலிருந்து வானொலிக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் நல்கைகள் வழங்கப்பட்டு வருகின்றன. எஞ்சிய ஒரு கோடியே இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள், அழைப்புக் குறி உடையார் எவர்க்கும் இன்றும் விலையின்றியே கிடைக்கின்றன.