சென்னையில் முற்றுப்பெறாது நின்ற கவிதை

குளத்தூரிலும் பாறசாலையிலும் வாழும் நம் குழந்தைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயின்று, இல்லத்தில் மட்டும் தமிழ் பேசி வளர்கின்றனர். தாய்மொழியை ஏறக்குறைய மறந்து, பின்னர் அதனைத் தேடியடைந்த ஒரு பெருங்கவிஞரின் வரலாறு நமக்குப் பெரிதும் பயன்படும். அவரே வங்கக்கவி மைக்கேல் மதுசூதன தத்தர்.

1824ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்துச் சாகர்தாரி என்னும் சிற்றூரில், வழக்கறிஞர் இராஜநாராயண தத்தரின் மகனாகத் தோன்றினார். ஆங்கிலக்கவி பைரன் தம் பெருங்காவியமாகிய டான் ஜுவானை முடிக்காமலே மறைந்ததும் அவ்வாண்டே. அப்பைரனிடத்தில் கல்கத்தா இந்துக் கல்லூரி மாணவரான தத்தருக்குத் தீராத மோகம். ஆங்கிலத்தில் பாடிப் புகழ்பெறுவதே அவர் கனவு. 1843இல் கிறித்துவ சமயம் தழுவினார். நாளடைவில் தந்தையின் பொருளுதவி நின்றுபோகவே, 1848இன் தொடக்கத்தில் பிழைப்பை நாடிச் சென்னைக்கு வந்தார்.

அங்கே அநாதைச் சிறுவர் பள்ளியில் ஆசிரியரானார். ரெபெக்கா என்னும் மங்கையை மணந்தார். பிருதிவிராசன் கதையைத் தழுவி, சிறைப்பட்ட நங்கை எனப் பொருள்படும் ஆங்கிலக் காவியம் ஒன்றை 1849இல் வெளியிட்டார். சென்ற காலக் காட்சிகள் எனத்தக்க மற்றொரு கவிதையும் அந்நூலில் இருந்தது. அது முழுமையன்று, ஒரு பகுதியே என்று அதன் தலைப்பிலேயே குறித்திருந்தார். அதனை அவர் முடிக்கவே இல்லை.

நூலின் படியொன்று கல்கத்தாவிலிருந்த பெத்தூன் துரையிடம் சேர்ந்தது. கவிதையாற்றலைத் தாய்மொழிக்கே அளிப்பது நன்று என்று அப்பெரியார் அறிவுறுத்தினார். அச்சொல் தத்தரின் நெஞ்சில் தைத்தது. வங்கமொழி தம் நாவைவிட்டு நழுவுவதையும் அவர் உணர்ந்திருந்தார். வங்க இராமாயணத்தையும் பாரதத்தையும் அனுப்புமாறு நண்பருக்கு எழுதி வரவழைத்தார். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றை நேரம் வகுத்து நாள்தோறும் பயின்றார். முன்னோர் மொழியை அணிசெய்யவே இத்தனை உழைப்பும்.

1856இல் கல்கத்தா திரும்பினார். மனைவியையும் மக்கள் நால்வரையும் சென்னையிலேயே விட்டுச் சென்றது அவர் வாழ்வில் நீங்காத குறையே. ஆயினும் மொழிக்கு அவர் செய்த தொண்டு பெரிது. 1859இல் சர்மிஷ்டை நாடகமும், 1861இல் மேகநாதவதக் காவியமும் வெளிவந்தன. கம்பர் பாடிய இந்திரசித்தின் முடிவையே, எதுகைக் கட்டினை நீக்கிய புதுநடையில் வங்கத்தில் பாடினார். பின்னர்ப் பிரான்சில் வறுமையில் வாடியபோது வித்யாசாகரர் பொருளனுப்பிக் காத்தார். அங்கிருந்தும் வங்கமொழியிலேயே பதினான்கடிப் பாக்கள் இயற்றினார். 1873 சூன் 29இல் வறியவராகவே மறைந்தார்.

சென்னையில் நின்றுபோன ஆங்கிலக் கவிதையை இன்று தேடிப் படிப்போர் சிலரே. மேகநாதவதமோ வங்கமக்கள் உள்ளத்தில் நிலைத்துள்ளது. பன்மொழி பயில்வது பிழையன்று. தத்தரினும் மிகுதியாகப் பயின்றவர் யார்? தாய்மொழி நழுவுவதை அறிந்தவுடன் அவர் ஏடுகளை வரவழைத்தார். நாமும் நம் குழந்தைகளின் கையில் இன்றே ஒரு தமிழேட்டைத் தருவோமாக!