கருத்துக்காகக் கழகம் துறந்தவர்

கோவையிலிருந்து ஈரோடு நோக்கிப் புகைவண்டியில் செல்கிறவர் திருப்பூரைத் தொடாமல் போக இயலாது. தமிழக அரசியலின் வண்டியும் நம் ஊரைப் பலமுறை தொட்டுத்தான் சென்றிருக்கிறது. 1922 ஆம் ஆண்டு திருப்பூரில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் மாநாட்டில், எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் செல்ல உரிமை வேண்டும் என்ற தீர்மானத்துக்காக ஈ.வெ.ராமசாமி வாதாடினார். கடும் எதிர்ப்பு எழுந்தது; தீர்மானம் நிறைவேறவில்லை. மூன்றாண்டு கழித்துக் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் தரப்படாதபோது, அவர் காங்கிரசையே விட்டு வெளியேறினார். 1934 இல் இதே திருப்பூரில் நடந்த செங்குந்தர் இளைஞர் மாநாட்டில்தான், படிப்பை முடித்திருந்த காஞ்சி இளைஞர் அண்ணாதுரை பெரியாரை முதன்முதலாகச் சந்தித்தார். 1949 இல் அண்ணா பெரியாரைப் பிரிந்தார். 1961 இல் அண்ணாவை ஒருவர் பிரிந்தார். அவர் நமக்கு ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈரோட்டுக்காரர், பெரியாரின் அண்ணன் மகன், ஈ.வெ.கி. சம்பத்.

இன்று நம் கல்லூரி மாணவரிடம் சம்பத் யாரென்று கேட்டால், பலர் விழிக்கின்றனர். சிலர் இளங்கோவனின் தந்தை என்கின்றனர். ஒரு காலத்தில் சொல்லின் செல்வர் என்று தமிழகம் அழைத்த மனிதரை மகனின் பெயரைச் சொல்லி அடையாளம் காட்ட வேண்டிய நிலை வந்திருக்கிறது. வென்றவர்களின் வரலாறு சுவர்களில் எழுதப்படுகிறது. வெளியேறியவர்களின் வரலாற்றை யார் எழுதுவது?

சம்பத் 1926 மார்ச் 5 ஆம் நாள் பிறந்தார். தந்தை ஈ.வெ.கிருஷ்ணசாமி. வீட்டுத் திண்ணையே மேடையாக இருந்த குடும்பம் அது. ஊர் ஊராகச் சென்று பேசும் சிற்றப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பேச்சு தானாக வந்தது என்பதில் வியப்பில்லை. ஆனால் பெரியாரின் பேச்சு வேறு, சம்பத்தின் பேச்சு வேறு. பெரியார் கொச்சையாக, எதிரில் இருப்பவனின் தோளைத் தொட்டுப் பேசுவதுபோல் பேசுவார். சம்பத்தோ வாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்வார். பெரியாருக்கு மக்கட்பேறு நிலைக்கவில்லை. ஆகவே அண்ணன் மகனே பிற்காலத்தில் இயக்கத்தின் வாரிசு என்று தொண்டர்கள் பேசிக்கொண்டனர்.

அந்த வாரிசுரிமையை அவர் எவ்வளவு எளிதில் உதறினார் என்பதை நாம் நின்று நோக்க வேண்டும்.

திராவிடர் கழகத்துக்குள் கருத்து வேற்றுமை 1947 லேயே முளைவிட்டது. நாடு விடுதலை பெற்ற ஆகஸ்டு 15 ஐத் துக்க நாள் என்றார் பெரியார். அது மகிழ்வதற்குரிய நாள் என்று அண்ணா வெளிப்படையாக எழுதினார். ஒரு கட்சியின் தளபதி தலைவரின் அறிக்கையை அச்சில் மறுத்தும் கட்சிக்குள் இருக்க முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1948 அக்டோபரில் ஈரோட்டில் நடந்த தனி மாநாட்டில் அண்ணாவை அலங்கரித்த மாட்டு வண்டியில் அமர்த்தி, பெரியார் ஊர்வலத்தில் நடந்து வந்தார். பிணக்கு தீர்ந்தது என்று ஊரே நம்பியது. ஓராண்டு முடிவதற்குள் பெரியார் மணியம்மையாரைத் திருமணம் செய்து கொண்டார். இயக்கத்தின் பொறுப்பையும் சொத்தையும் நம்பி ஒப்படைக்க வேறு ஆளில்லை என்பது அவர் கூறிய காரணம். அந்தச் சொல் மற்றவர்களைவிட சம்பத்தையே கூர்மையாகக் குத்தியிருக்கும்.

1949 செப்டம்பர் 17 அன்று சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. அண்ணா, நெடுஞ்செழியன், மதியழகன், என்.வி.நடராசன், சம்பத் ஆகிய ஐவரையும் தொண்டர்கள் ஐம்பெருந்தலைவர்கள் என்றனர். மற்ற நால்வரும் தலைவரைப் பிரிந்தார்கள்; சம்பத் தலைவரையும் குடும்பத்தையும் சேர்த்துப் பிரிந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. புதிய கழகத்தின் தலைவர் நாற்காலி பெரியாருக்கென்று காலியாகவே விடப்பட்டது. அண்ணா பொதுச் செயலாளராகவே இருந்தார்.

1953 இல் மும்முனைப் போராட்டம் வந்தது. இராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்தும், டால்மியாபுரத்தைக் கல்லக்குடி எனப் பெயர் மாற்றக் கோரியும், நேருவின் ஏச்சைக் கண்டித்தும் நடந்த அப்போராட்டத்தில் ஐவரும் வழக்கில் சிக்கிச் சிறை கண்டனர். 1956 இல் திருச்சி மாநாட்டில், தேர்தலில் கழகம் ஈடுபடலாமா கூடாதா என்று வந்திருந்த மக்களிடமே பெட்டி வைத்து வாக்குக் கேட்டார்கள். ஒரு கட்சி தன் பாதையைத் தொண்டர்களிடம் கேட்டு முடிவு செய்த அந்த நிகழ்ச்சியை இன்று நினைத்தால் கதைபோல் இருக்கிறது.

1957 தேர்தலில் கழகத்துக்குச் சட்டமன்றத்தில் 15 இடங்களும் மக்களவையில் 2 இடங்களும் கிடைத்தன. அந்த இருவரில் ஒருவர் நாமக்கல்லில் வென்ற சம்பத், மற்றவர் தருமலிங்கம். டில்லியில் இருவர் மட்டுமே கொண்ட கட்சியின் குரலை நேரு கேட்கும்படி செய்தது சம்பத்தின் ஆற்றல். 1960 இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத்துக்குக் கறுப்புக் கொடி காட்டக் கழகம் முடிவு செய்திருந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலமும் நீடிக்கும் என்று தாம் மன்றத்தில் தந்த உறுதியை மீண்டும் வலியுறுத்திப் பிரதமர் நேரு கடிதம் எழுதினார். அக்கடிதம் எழுதப்பட்டது சம்பத்துக்கு. கறுப்புக் கொடிப் போராட்டம் நிறுத்தப்பட்டது.

டில்லியில் வாழ்ந்த அந்த ஆண்டுகள் அவர் கண்ணோட்டத்தை மாற்றின என்றே கருதுகிறேன். தமிழகத்து மேடையில் நின்று பார்த்தால் திராவிட நாடு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்திருக்கலாம். மக்களவையில் ஆந்திரர், கன்னடர், கேரளத்தார் அருகே அமர்ந்தவருக்கு அப்படித் தெரிந்திருக்க முடியாது. ஆந்திரம் 1953 இலேயே தனி மாநிலமாகிவிட்டது. 1956 இல் மொழிவழி மாநிலங்கள் முழுமையாக அமைந்தன. அதன்பின் தமிழகத்துக்கு வெளியே திராவிட நாடு கேட்பார் எவருமில்லை. கேட்காதவர்களையும் சேர்த்து ஒரு நாடு கேட்பது எப்படி என்பதே சம்பத் எழுப்பிய வினா. அதற்கு மாற்றாகத் தமிழ்நாட்டை ஒரு தேசிய இனத்தின் நாடாகக் கொண்டு, விரும்பினால் பிரியும் உரிமையோடு இந்திய ஒன்றியத்தில் இருக்கலாம் என்ற நிலைக்கு அவர் வந்தார். கூடவே இன்னொன்றையும் கண்டித்தார். கழகத்தில் திரைப்பட நட்சத்திரங்களின் செல்வாக்கு பெருகி, உழைத்தவர்கள் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்றார்.

இக்கருத்துகள் சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இவற்றை உள்ளே இருந்துகொண்டு சொல்ல அவருக்கு இடம் இருந்ததா என்பதே நமக்கு முக்கியம். 1961 தொடக்கத்தில் வேலூரில் கூடிய பொதுக்குழுவில் வாதம் கைகலப்பாக முடிந்தது. கருத்துக்குக் கருத்து மோத வேண்டிய இடத்தில் கை ஓங்கியது. சம்பத் உண்ணா நோன்பு இருந்தார். ஆளும் கட்சியை எதிர்த்து எத்தனையோ பேர் உண்ணா நோன்பு இருந்ததுண்டு. தம் கட்சியில் வன்முறை கூடாது என்பதற்காக ஒரு முன்னணித் தலைவர் பட்டினி கிடந்தது அரிதிலும் அரிது. அண்ணா நேரில் சென்று நோன்பை முடித்து வைத்தார். இருவர் கண்ணும் கலங்கியிருக்கும்; ஆனால் பிளவு ஆறவில்லை.

அண்ணாவைக் குறை கூறுவது எளிது. நான் அப்படிச் செய்யத் துணியவில்லை. தம்மைவிட பதினாறு பதினேழு வயது இளையவரை உடன்பிறப்பாகவே அவர் நடத்தினார். தலைவருக்கு மறுகருத்தைக் கேட்கும் பொறுமை இருந்தது. தலைவரைத் தெய்வமாக்கிக் கொண்ட தொண்டருக்கு அது இல்லை. தலைவரை மறுத்துப் பேசினால் தலைவர் தாங்கிக்கொள்வார். வாசலில் நிற்கும் கூட்டம் தாங்காது. அக்கூட்டத்தை அடக்கத் தலைவர் முயன்றாலும் ஓரளவுக்குமேல் முடிவதில்லை. நம் ஊர்த் தொழிற்சங்கக் கூட்டங்களில் மாற்றுக் கருத்துச் சொல்ல எழுந்தவரைச் சட்டையைப் பிடித்து உட்கார வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1961 ஏப்ரலில் சம்பத் வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். கவிஞர் கண்ணதாசன் உடன் சென்றார். நம்மூர் பனியன் கம்பெனியில் பங்காளிகள் பிரியும்போது மிஷின்களை எண்ணிப் பங்கிட்டுக் கொள்வார்கள். லேபிள் யாருக்கு என்பதில்தான் சண்டை முற்றும். வியாபாரம் லேபிளில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். சம்பத் பிரிந்தபோது மிஷினும் கேட்கவில்லை, லேபிளும் கேட்கவில்லை. உதயசூரியன் அண்ணாவிடமே இருந்தது. 1962 தேர்தலில் தென் சென்னையில் மக்களவைக்கு நின்று சம்பத் தோற்றார். அவர் கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. தி.மு.கழகமோ சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பெற்றது. ஆயிரக்கணக்கில் கூடி அவர் பேச்சைக் கேட்டு மயங்கியவர்கள் வாக்கை வேறிடத்தில் போட்டார்கள்.

இதன் பிறகு நடந்ததுதான் வரலாற்றின் விந்தை. 1963 இல் பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் வந்தது. அதே ஆண்டு தி.மு.கழகம் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. எந்தக் கோரிக்கை நடவாது என்று சொன்னதற்காகச் சம்பத் உள்ளே இருக்க முடியாமல் போனாரோ, அக்கோரிக்கை அவர் போன இரண்டரை ஆண்டில் கழகத்தாலேயே விடப்பட்டது. காரணங்கள் வேறு என்று கூறலாம். சீனப் படையெடுப்பு, புதிய சட்டம், கட்சியைக் காக்கும் கடமை எல்லாம் உண்மையே. எனினும் சம்பத்தை இரண்டரை ஆண்டு பொறுத்திருந்தால் கழகத்துக்கு ஒரு தலைவர் மிஞ்சியிருப்பார். அவரும் இரண்டரை ஆண்டு பொறுத்திருந்தால் அவர் வாழ்வே வேறாக இருந்திருக்கும். 1967 இல் அண்ணா முதலமைச்சரானார். நெடுஞ்செழியனும் மதியழகனும் அமைச்சர்கள் ஆயினர். ஐவரில் ஒருவர் எதிர் வரிசையில் இருந்தார்.

எதிர் வரிசை என்பது காங்கிரஸ். 1964 இல் தமிழ்த் தேசியக் கட்சி காங்கிரசோடு கலந்தது. இங்குதான் என் மனம் சற்றுத் தயங்குகிறது. பதினைந்தாண்டு மேடைதோறும் எதிர்த்த கட்சியில், பிரியும் உரிமை பேசியவர் சேர்ந்தது எப்படி? முதலமைச்சர் பதவியை விட்டு விலகி அகில இந்தியத் தலைவரான காமராசரின் ஈர்ப்பு என்பர். தனிக்கட்சி நடத்தப் பொருளும் ஆளும் இல்லாத சோர்வு என்பாரும் உண்டு. இரண்டும் இருந்திருக்கும். ஆனால் பதவிக்காகப் போனார் என்று அவர் எதிரிகளும் கூறத் தயங்கினர். பதவி வேண்டுபவர் 1961 இல் வளரும் கட்சியை விட்டுப் போவாரா? வின்ஸ்டன் சர்ச்சில் 1904 இல் கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து லிபரல் கட்சிக்குச் சென்று, இருபதாண்டு கழித்துப் பழைய இடத்துக்கே திரும்பினார். உலகம் அவரைப் பிரதமராகவே நினைவு வைத்திருக்கிறது. சம்பத்துக்கு அத்தகைய திரும்புதல் வாய்க்கவில்லை.

1961 இல் கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை. 1967 க்குப் பின் அரியானாவில் ஒரே நாளில் கட்சி மாறி மாறிக் குதித்தவர்களைப் பார்த்து நாடு சிரித்தது. 1985 இல்தான் ஐம்பத்திரண்டாவது திருத்தம் வந்தது. அச்சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. தனியொருவர் மனச்சான்றின்படி கொறடாவின் ஆணையை மீறினால் பதவி போய்விடும். மூன்றில் ஒரு பங்கினர் கூட்டமாகப் பிரிந்தால் பதவி தப்பும். இந்த வழி 2003 இல் அடைக்கப்பட்டது. ஆனால் மூன்றில் இரு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியில் இணைய இன்னும் வழியிருக்கிறது. தனியே மறுப்பவனுக்குத் தண்டனை, கும்பலாகத் தாவுவோருக்கு மன்னிப்பு! சட்டம் இயற்றியவர்கள் சம்பத்தைப் போன்றவரை எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

சம்பத் 1977 பிப்ரவரி 23 அன்று மறைந்தார். ஐம்பத்தோராவது பிறந்த நாளுக்குப் பத்து நாள் இருந்தது. பெரியார் 1973 இலும், அண்ணா 1969 இலும் மறைந்துவிட்டனர். தாம் பிரிந்து வந்த இருவருக்கும் பின்னால் அவர் சில ஆண்டுகளே வாழ்ந்தார். அதற்குள் அண்ணாவின் கழகம் 1972 இல் இன்னொரு முறை பிளந்தது. கணக்குக் கேட்டதற்காக எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டு அ.தி.மு.க. பிறந்தது. திரைப்பட நட்சத்திரங்களைக் குறித்துச் சம்பத் எச்சரித்தது ஒரு வகையில் பலித்தது, ஆனால் எம்.ஜி.ஆர். லேபிளை விட்டுவிட்டுப் போனாலும் புதிய லேபிளே அதிகம் விற்றது என்பதைச் சம்பத் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அவர் துணைவியார் சுலோசனா சம்பத் அ.தி.மு.க.வில் மூத்த தலைவராக விளங்கி 2015 இல் மறைந்தார். மகன் ஈ.வெ.கி.ச. இளங்கோவன் காங்கிரசிலேயே இருந்தார். கோபிசெட்டிபாளையம் தொகுதியிலிருந்து 2004 இல் மக்களவைக்குச் சென்று, மத்திய ஜவுளித் துறை இணை அமைச்சராகவும் இருந்தவர் என்பதால் நம் திருப்பூர்ப் பனியன் தொழிலுக்கு அறிமுகமானவர். ஒரே வீட்டில் தாய்க்கு ஒரு கொடி, மகனுக்கு ஒரு கொடி. 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் இளங்கோவன் நின்றபோது, தி.மு.க. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று அவருக்கு வாக்குக் கேட்டனர். சம்பத் கழகத்தை விட்டுச் சென்று அறுபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரியாரும் சம்பத்தும் நடந்த அந்தத் தெருக்களில் கறுப்புச் சிவப்புக் கொடிகள் அவர் மகனுக்காகக் கட்டப்பட்டிருந்தன.