சந்திரகிரியில் ஆண்ட வேங்கடபதி ராயர்

திருமலை கோவிலுக்குள் நுழைந்ததும் கிருஷ்ணராயர் மண்டபத்தில் சிலைகள் நிற்பதைப் பக்தர்கள் காணலாம். தேவியர் இருவருடன் நிற்கும் கிருஷ்ணதேவராயரை எல்லோருக்கும் தெரியும். அங்கே செப்புச் சிலையாக நிற்கும் இன்னொருவர் வேங்கடபதி ராயர். சூளூர்பேட்டை, திருப்பதி வட்டாரம் முழுவதையும், தமிழ்நாட்டின் பெரும் பகுதியையும் 28 ஆண்டுகள் கட்டிக் காத்த மன்னர் இவர்.

மூன்று சகோதரர்கள்

1565-ம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. பீஜப்பூர், அகமதுநகர், கோல்கொண்டா, பீதர் சுல்தான்கள் ஒன்று சேர்ந்து ராமராயரை வீழ்த்தினார்கள். அதற்கு முன் ஒரு சுல்தானை இன்னொரு சுல்தானோடு மோதவிட்டுப் பலம் பெற்றவர் ராமராயர். அவர்கள் நால்வரும் கைகோத்ததும் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை.

ராமராயரின் தம்பி திருமலைராயர் பெனுகொண்டாவுக்குத் தலைநகரை மாற்றினார். ராஜ்யத்தை மூன்று பிள்ளைகளிடம் பிரித்து ஒப்படைத்தார். தெலுங்கு நாடு ஸ்ரீரங்கருக்கும், கன்னட நாடு ராமருக்கும், தமிழ் நாடு வேங்கடபதிக்கும் கிடைத்தன. வேங்கடபதி சந்திரகிரியில் இருந்து தமிழ்ச் சீமையைக் கவனித்தார். அண்ணன் ஸ்ரீரங்கர் பிள்ளையின்றி இறக்கவே, 1586-ல் வேங்கடபதி பட்டத்துக்கு வந்தார்.

நாலு பக்கமும் நெருக்கடி

வடக்கே கோல்கொண்டா, மேற்கே பீஜப்பூர். தெற்கே மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் பெயருக்குத்தான் கப்பம் கட்டினார்கள். கோல்கொண்டா படை பெனுகொண்டாவை முற்றுகையிட்டது; பலிக்காமல் திரும்பியது. எல்லையில் இருந்த பெனுகொண்டாவை விட, மலை சூழ்ந்த சந்திரகிரியே பத்திரமானது என்று மன்னர் கருதினார். தலைநகர் இங்கே வந்தது.

அக்பரின் மொகலாயப் படை 1600-ல் அகமதுநகரைப் பிடித்தது. தெற்கே பார்த்துக்கொண்டிருந்த சுல்தான்கள் வடக்கே திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. கிடைத்த அவகாசத்தை வேங்கடபதி வீணாக்கவில்லை. வேலூர் லிங்கம நாயக்கர் தலை தூக்கியபோது, தளபதி யாச்சம நாயக்கரை அனுப்பி அடக்கினார். வேலூர்க் கோட்டை மன்னரின் இருப்பிடமாயிற்று. இந்த யாச்சமர் வெலுகோடி குடும்பத்தவர். வெங்கடகிரி ஜமீன் அந்த வம்சத்துடையது.

செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கரைச் சிறையில் அடைத்த மன்னர், தஞ்சை ரகுநாத நாயக்கர் பரிந்து பேசியதும் விடுவித்தார். அதனால் தஞ்சையின் நட்பும் நிலைத்தது. மைசூர் ராஜ உடையார் 1610-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றினார். போனதை மீட்கப் படை அனுப்பாமல், 1612-ல் உடையாரின் உரிமையை ஒப்புக்கொண்டு அவரைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்

கடற்கரையிலும் இதே கணக்குத்தான். சாந்தோமில் போர்ச்சுகீசியர் இருந்தார்கள். அவர்களுடைய ஏசு சபைப் பாதிரிமார்களைச் சந்திரகிரியில் வரவேற்ற அதே மன்னர், 1610-ல் டச்சுக்காரர்களுக்குப் பழவேற்காட்டில் வியாபாரம் செய்ய அனுமதி கொடுத்தார். கடல் வியாபாரம் ஒருவர் கையில் மட்டும் இருப்பது ஆபத்து அல்லவா? 1612-ல் போர்ச்சுகீசியர் டச்சுப் பண்டகசாலையைத் தாக்கினார்கள். அடுத்த ஆண்டே டச்சுக்காரர்கள் அங்கே கெல்திரியா கோட்டையை எழுப்பினார்கள். சூளூர்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள பழவேற்காடு ஏரிக்கரைக்கு ஐரோப்பியப் போட்டி வந்த கதை இது.

வாரிசு இல்லாத குறை

இத்தனை பேரைச் சமாளித்த மன்னருக்கு வீட்டுக்குள் ஒரு தீராத குறை. ராணி ஒருவர் தன் மகன் என்று வளர்த்த பிள்ளையை அவர் வாரிசாக ஏற்கவில்லை. அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை வாரிசாக்கிவிட்டு 1614 அக்டோபரில் காலமானார்.

ராணியின் உறவினர் ஜக்கராயர் புதிய மன்னரைக் குடும்பத்தோடு சிறையிட்டுக் கொன்றார். யாச்சமர், சலவைத் தொழிலாளி ஒருவர் மூலம் இளவரசர் ராமரை மட்டும் வெளியே கடத்தி உயிர் காத்தார். நாயக்கர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மதுரையும் செஞ்சியும் ஜக்கராயர் பக்கம். தஞ்சை யாச்சமர் பக்கம். காவிரிக் கரையில் கல்லணைக்கு அருகே தோப்பூரில் நடந்த பெரும் போரில் ஜக்கராயர் மடிந்தார். ராமதேவராயர் பட்டமேறினார்.

ஆனால் பழைய கட்டுக்கோப்பு திரும்பவில்லை. நாயக்கர்கள் பேரரசரைத் தங்கள் சண்டைகளில் ஒரு கட்சியாகவே பார்க்கத் தொடங்கினார்கள். பின்னாளில் கோல்கொண்டாவும் பீஜப்பூரும் சமாதானமாகித் தெற்கே திரும்பியபோது, அவர்களைச் சேர்ந்து எதிர்க்க ஆள் இல்லை. வேங்கடபதி கட்டிய சமநிலை, தாங்கிப் பிடிக்க அவர் இருந்தவரைதான் நின்றது.

திருப்பதிக்குப் போகிறவர்கள் சந்திரகிரிக் கோட்டையையும், அங்குள்ள ராஜமகால் அருங்காட்சியகத்தையும் அதே பயணத்தில் பார்த்து வரலாம்.