ஹார்வர்டிலிருந்து ஒரு மாத்திரை

ஹார்வர்ட் என்றால் சிறு வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெடோங்கில் என் தாத்தா மரம் சீவிய தோட்டம். அமெரிக்காவில் அதே பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது. அங்கே படித்த நம்மவர் யார் என்று தேடியபோது கிடைத்தவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் தயாரிப்பில் பங்குகொண்ட மருந்தின் வாரிசு, எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னிலேயே இருந்தது!

1895இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில், தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னையில் தேறினார். ஸ்புரு என்னும் குடல்நோய் உடன்பிறந்தோர் இருவரைக் கொண்டுபோனது. அந்தத் துயரம் அவரை விடவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது.

1922இல் மாமனார் உதவியுடன் பாஸ்டனில் இறங்கினார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்துக்கொண்டே, மருத்துவமனையில் கடைநிலைப் பணியாளராக உழைத்தார். பிறகு ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து, 1929இல் உடலின் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி.யைத் தசையில் கண்டறிந்தார். அத்தனை செய்தும் நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940இல் லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார்.

அங்கேதான் அவர் கைவண்ணம் முழுமையாய் வெளிப்பட்டது. அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. யானைக்கால் நோய்ப் புழுவைக் கொல்லும் ஹெட்ராசான் 1947இல் வந்தது. எழுபது வயதைக் கடந்த பெஞ்சமின் டகர், அவர் தலைமையின்கீழ் மண் மாதிரிகளை ஆராய்ந்து ஆரியோமைசினைக் கண்டார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. 1948 ஜூலையில் உலகறிய அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே 53 வயதில் சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார். தாயகம் திரும்பவே இல்லை. புகழையும் தேடியதில்லை. ஆய்வறிக்கைகளில் தம் பெயரை விடுத்து உடனுழைத்தோருக்கு வழிவிட்டவர் என்பார்கள்.

நம் தோட்டங்களில் சிறுபூச்சிக் கடியால் வரும் புதர்க்காய்ச்சலுக்கு மருத்துவர்கள் இன்றும் தரும் டாக்சிசைக்ளின், அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். கிருமி புரதம் தயாரிக்கும் இடத்தை அது அடைத்துவிடும். ஆனால் கிருமியும் சும்மா இருக்குமா? உள்ளே நுழைந்த மருந்தை இறைத்து வெளியேற்றக் கற்றுக்கொள்கிறது. 1950களிலேயே ஜப்பானின் வயிற்றுக்கடுப்புக் கிருமிகள் நான்கு மருந்துகளை ஒருசேர எதிர்த்தன. அந்தத் திறனை ஒரு கிருமி மற்றொன்றுக்குக் கைமாற்றித் தரும் என்பதும் 1959இல் தெரியவந்தது. எதிர்ப்பாற்றல் பெற்ற பாக்டீரியா நேரடியாகக் காரணமான மரணங்கள், 2019இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1.27 மில்லியன்.

இனி அந்த பிஸ்கட் டின். மருத்துவர் ஏழு நாளுக்குத் தந்த மாத்திரையை மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்தி, மீதியை டின்னில் போட்டு வைப்பார் அம்மா. வீண் செய்யக்கூடாது என்பது லயத்து வாழ்க்கை கற்றுத் தந்த பாடம். பக்கத்து வீட்டு அக்காள் சளி என்று வந்தால் இரண்டு மாத்திரை அன்போடு போகும். சளி வைரசால் வருவது. அதற்கு இந்த மாத்திரை பயன்படாது. உடலில் வாழும் மற்ற கிருமிகளுக்கு மட்டும் அது பயிற்சி தந்துவிடும். பல்கலைக்கழக விடுதியில் நானும் அதையே செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சென்ற தீபாவளி விடுமுறையில் அம்மாவிடம் சுப்பாராவின் கதையைச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. டின்னைத் திறந்து, மாத்திரைகளை ஒரு பையில் போட்டு, மருந்தகத்தில் ஒப்படைக்கும்படி என் கையில் கொடுத்தார்.

நண்பர்களே, அடுத்த முறை வீடு திரும்பும்போது உங்கள் வீட்டு டின்னையும் திறந்து பாருங்கள். ஒருவர் வாழ்நாளெல்லாம் உழைத்துத் தந்த மருந்தின் வலிமையைக் காப்பது நம் கையிலும் இருக்கிறது.