மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரும் அவர்தம் கடிதங்களும்

நம் கனகம்மாசத்திரத்தில் தபாற்காரரின் வரவை எதிர்நோக்கித் திண்ணையில் அமர்ந்திருந்த முதியோரை நம்முள் மூத்தோர் பலரும் கண்டிருப்பர். மேடையிற் பேசுவது ஊரார் கேட்டற்கு. கடிதத்தில் எழுதுவதோ உற்றார் ஒருவர்க்கே உள்ளந் திறந்து உரைத்தற்கு. ஆதலின், ஒரு பெரியாரின் இயல்பை அறிய விழைவோர் அவர்தம் சொற்பொழிவுகளோடு கடிதங்களையும் நாடுதல் வேண்டும். அங்ஙனம் நாடத்தக்கவருள் ஒருவர், புலமையாலும் அரசியல் தூதாலும் புகழெய்திய மகாகனம் வ. ச. சீனிவாச சாஸ்திரியார்.

இவர் 1869-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், தஞ்சைச் சீமையின் வலங்கைமானில், வறிய வைதிகக் குடும்பமொன்றிற் பிறந்தார். காந்தியடிகளுக்குப் பத்து நாள் மூத்தவர். கும்பகோணத்திற் கல்வி பயின்று, ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியராய் விளங்கினார். 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றுதற்கு உழைத்தாருள் இவரும் ஒருவர். பின்னர், கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907-இற் சேர்ந்து, எளிய ஊதியத்தோடு நாட்டுப்பணியை ஏற்றார். கோகலே 1915-இல் மறையவே, அச்சங்கத்தின் தலைமை இவர்பால் வந்தது.

அவ்வாண்டிற்றான் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவினின்று மீண்டு, அச்சங்கத்திற் சேர விழைந்தார். அடிகளின் நெறியும் சங்கத்தின் நெறியும் ஒத்துச் செல்லுமோ என்று உறுப்பினர் பலர் ஐயுற்றனர். அதனை உணர்ந்த அடிகள், தம் விண்ணப்பத்தைத் தாமே மீட்டுக்கொண்டார். வேறு இருவராயின் அன்றே முகங்கொடுத்துப் பேசாதொழிந்திருப்பர். இவ்விருவர்க்கோ, பிரிந்த அவ்விடத்தினின்றே நட்பு வளரலாயிற்று.

கருத்தில் இவர்கள் ஒன்றுபட்ட காலம் குறைவு. 1919-இல் ரௌலட் மசோதாவை எதிர்த்துச் சட்டசபையில் சாஸ்திரியார் முழங்கினார். ஆயினும், அதனை முன்னிட்டு அடிகள் தொடங்கிய சத்தியாக்கிரகத்தை ஏற்றாரல்லர். ஒத்துழையாமையையும் உப்புச் சத்தியாக்கிரகத்தையும் 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தையும் அவ்வாறே மறுத்தார். மறுப்பைப் பிறரிடம் புறங்கூறாது, அடிகளுக்கே நேரில் எழுதினார். அடிகளும் சாஸ்திரியாரைச் சகோதரர் என்றே விளித்து விடை வரைந்தார். யரவதாச் சிறையிலிருந்த காலத்தும் அத்தொடர்பு அறுபடவில்லை. தம் செயலில் கண்ட பிழைகளை ஒளியாது கூறுமாறு அடிகள் கேட்பதும், இவர் தயங்காது கூறுவதும் வழக்கமாயின.

சாஸ்திரியாரின் தூதுப்பணி உலகறிந்தது. 1921-இல் இலண்டன் மாநகரின் பேரரசு மாநாட்டிலும், ஜெனீவாவில் சர்வதேச சங்கத்திலும், பின்னர் வாஷிங்டனிற் கூடிய கடற்படைக் குறைப்பு மாநாட்டிலும் இந்தியாவின் சார்பில் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே பிரிவி கௌன்சில் உறுப்பினராகி, மகாகனம் என்னும் பட்டம் பெற்றார். 1927-இல் கேப்டவுன் உடன்படிக்கை ஏற்பட்டபின், தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசாங்கத்தின் முதல் ஏஜெண்டாக இவரே செல்லவேண்டுமென வற்புறுத்தியவர் காந்தியடிகள். தாம் இருபது ஆண்டு பாடுபட்ட மண்ணைக் காக்க, தம் கொள்கையை ஏற்காத நண்பரையே அடிகள் நம்பினார் என்பது எண்ணத்தக்கது. சாஸ்திரியார் 1929 தொடக்கம் வரை ஆண்டுத் தங்கி, இந்தியப் பிள்ளைகளின் கல்விக்கெனப் பொருள் திரட்டினார். டர்பன் நகரில் அவர் பெயராலேயே சாஸ்திரி கல்லூரி எழுந்தது. தூதராய்ச் சென்றவிடத்தும் அவர் ஆசிரியராகவே இருந்தார்.

இனி, மறைவாய் நிகழ்ந்த உதவி ஒன்று. காந்தியடிகள் குஜராத்தியில் எழுதிய சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதன் இரண்டாம் பதிப்பை வரிவரியாய்த் திருத்திய ஆங்கிலப் புலவர், தம் பெயர் வெளியிடப்படலாகாதென்னும் உறுதி பெற்றபின்னரே அப்பணியை ஏற்றார். அவர் சாஸ்திரியாரே என்பதைப் பின்னாளில் உலகம் அறிந்தது. அடிகளின் அரசியலை ஏற்காதவர், அடிகளின் நூலுக்குத் தம் புலமை முழுதும் ஈந்து, பெயரையும் மறைத்துக்கொண்டார்.

வீட்டார்க்கும் நண்பர்க்கும் சங்கத்தார்க்கும் தலைவர்க்கும் அவர் வரைந்த கடிதங்களைத் தொகுத்து, அன்பர் தி. ந. ஜகதீசன் 1944-இல் வெளியிட்டார். அரங்கில் வெள்ளி நாவினர் எனப் புகழப்பெற்ற அவரே, தம் குறைகளையும் உடல்நலிவையும் எளிய மாந்தராய் உரைத்தலை அவற்றுட் காணலாம்.

தமிழன்பர்க்கு அவர்பால் ஒரு மனக்குறை உண்டு. அதனை மறைத்தல் தகாது. 1940-இல் அறிவியற் கலைச்சொற்களுக்கு நெறி வகுக்க அரசாங்கம் அமைத்த குழுவிற்கு அவர் தலைவரானார். அக்குழு வடமொழிச் சார்பினதெனத் தமிழறிஞர் கிளர்ந்தெழுந்து எதிர்த்தனர். பின்னர்த் தமிழறிஞரும் அதில் இடம்பெற்றனர். தமிழாசிரியனாகிய யான் அவ்வெதிர்ப்பின் பக்கத்தேன். ஆயினும், மாறுபட்டார்மாட்டும் அன்பு குன்றாமையை அவர் வாழ்விலேயே கற்றமையால், அம்மனக்குறை அவரைப் போற்றுதற்குத் தடையாகவில்லை.

1946 ஜனவரித் திங்களிற் சென்னைக்கு வந்த காந்தியடிகள், மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்த சாஸ்திரியாரை நேரிற் சென்று கண்டார். முப்பதாண்டு மாறுபட்டும் பிரியாத இருவர் இறுதியாய் அளவளாவிய காலம் அது. அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் சாஸ்திரியார் உலக வாழ்வை நீத்தார்.

அன்பர்காள்! நம் சங்கக் கூட்டத்தில் ஒரு சொல் தடித்தால், மறுமாதம் கலியாணப் பத்திரிகையும் அவ்வீட்டிற்குச் செல்லாதொழிகின்றது. பாகப்பிரிவினையில் ஒரு முழம் நிலம் முன்பின்னாயின், உடன்பிறந்தார் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. என் வீட்டிலும் அது நேர்ந்ததுண்டு. ஏழாண்டு கழித்து யான் எழுதிய ஒரு கடிதத்திற்கு என் தமையனார் நான்காம் நாளே விடை எழுதினார். அவ்வேழாண்டும் வீணே கழிந்ததற்கு யானே பொறுப்பாளி. மாறுபாட்டை நேரிற் சொல்லுவோம்; சொல்லியபின்னும் நலம் வினவுவோம். அதற்கு ஒரு தபாற்கார்டும் போதும்.